கோப்பின்படி படகு புல்மோட்டையில்

முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து இன்னாசித்தம்பியின் படகு காற்றோடு போனது ஒரு புதன்கிழமை விடியற்காலை. வியாழக்கிழமை மத்தியானமே அது புல்மோட்டையில் ஒதுங்கிவிட்டதென்று ரெலிபோன் வந்தது. நங்கூரக் கயிறு அறுந்து, ஆளுமில்லாமல், எஞ்சினுமில்லாமல், ஒருவரிடமும் வழி கேட்காமல் ஒன்றரை நாளில் ஒரு படகு மாவட்டம் கடந்து போயிருக்கிறது. அதே படகைப் பற்றி நாலு வரி எழுதி அதே புல்மோட்டைக்கு அனுப்ப ஒரு அரசாங்கக் கந்தோருக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதுதான் இந்தக் கதை.

ரெலிபோனில் கதைத்தவர் அங்கத்தைய மீனவர் சங்கத்துச் செயலாளர் றமீஸ். நல்ல மனிதர்.

"படகு பத்திரமா நிக்குது. பதினாலு நாள் நாங்க பாத்துக்கொள்ளுவம். அதுக்குள்ள உங்கட பகுதிக் கந்தோரிலயிருந்து 'இது இன்னாரின்ர படகு' எண்டு ஒரு ஈமெயில் வரோணும். பிந்தினா ஏலத்துக்குப் போயிடும், பிறகு எங்கட கையில இல்ல" என்றார்.

"கடிதம் கொண்டு வரட்டோ?"

"கடிதம் வேணாம். போன வருசம் ஒருத்தன் கள்ளக் கடிதம் கொண்டு வந்து ஆற்றயோ படகைக் கொண்டு போயிட்டான். ஈமெயில்தான். ஒரு நிமிசத்து வேலைதானே."

இன்னாசித்தம்பி மூச்சு விட்டான். அது அவனுடைய மூன்றாவது படகு. முதலாவதைச் சுனாமி கொண்டுபோனது. இரண்டாவது சண்டையின் கடைசி மாதங்களில் இதே கரையில் நின்றது. அதற்கு என்ன நடந்ததென்று விசாரிக்க ஒரு கந்தோரும் கோப்புத் திறக்கவில்லை. இந்த மூன்றாவதும் போனால் நாலாவதுக்கு அவனிடம் வயசுமில்லை, தெம்புமில்லை. ஆனால் ஈமெயில் என்ன, ஒரு நிமிசம். கந்தோரில் போன மாதந்தான் கொம்பியூட்டர் கொண்டுவந்து பூட்டினார்களே!

கந்தோரின் முழுப்பெயர் கரையோர வாழ்வாதார ஒருங்கிணைப்புச் செயலகம். பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு வாய் தண்ணீர் வேண்டும். சண்டை முடிந்து நாலு வருசத்தில் அங்கே ஆறு கொம்பியூட்டர் வந்தது. ஒன்றோடொன்றை வயரால் தொடுத்தார்கள். குத்துவிளக்குக் கொளுத்தி, பால் காய்ச்சி, நாடா வெட்டினார்கள். பணிப்பாளர் ஜெயந்தன் தன் அறையிலிருந்து அடுத்த அறை எழுதுவினைஞர் ஜெயரூபினிக்கு 'வணக்கம்' என்று முதலாவது மின்னஞ்சலை அனுப்பினார். அவள் அதைப் பிரின்ட் எடுத்து, கிடைத்த திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதி ஒப்பம் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பந்தலில் இன்னாசித்தம்பியும் நின்று கை தட்டியவன்தான், பாவி.

அன்றைக்குப் பணிப்பாளர் பேசியது இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. "இன்றிலிருந்து இந்தச் செயலகத்துக்கும் உலகத்துக்கும் இடையில் தூரமே கிடையாது. தூரம் இல்லாத இடத்தில் ஒழுங்கு இருக்காது. ஆகவே, அன்பர்களே, அந்தத் தூரத்தை இனி நாங்களே பாடுபட்டுப் பராமரிக்க வேண்டியிருக்கிறது."

பராமரித்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு இன்னாசித்தம்பி போனான். கொம்பியூட்டர் அறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அங்கால் பொதுமக்கள் போகக் கூடாதாம், மூச்சுக் காற்றில் ஈரம் இருக்குமாம். கடற்காரனின் மூச்சில் உப்பும் இருக்கும் என்பதால் அவனை இன்னும் ஒரு முழம் பின்னுக்கு நிற்கச் சொன்னார்கள்.

பணிப்பாளர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அன்பாகவே கதைத்தார். அவருடைய மேசையிலும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. தூசு படாமல் பூப்போட்ட துணியால் மூடி, மேலே ஒரு பிளாஸ்ரிக் ரோசாவும் வைத்திருந்தது.

"ஈமெயில்தானே? அது ஒரு நிமிச வேலை. அதாலதான் நாங்கள் அவசரப்படக் கூடாது."

"விளங்கேல்லை சேர்."

"தபாலெண்டால் பிழை கிழை இருந்தால் பெட்டியடியில ஆள் நிப்பாட்டி மறிக்கலாம். இது அமத்தினால் போச்சு. போன பிறகு ஆர் பொறுப்பு? நீர் பொறுப்பேற்பீரோ?"

இன்னாசித்தம்பி பொறுப்பேற்கத் தயாராக இருந்த ஒரேயொரு சாமான் புல்மோட்டையில் நின்றது.

கோப்புத் திறந்தார்கள். திங்கட்கிழமை வரைவு எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை பணிப்பாளர் அதில் 'படகு' என்பதை 'மேற்படி படகு' என்று திருத்தினார். மேலே ஒரு படகும் சொல்லப்படவில்லையே என்று ஜெயரூபினி கேட்டாள். அப்படியானால் மேலே ஒன்றைச் சொல்லுங்கோ என்றார். புதன்கிழமை மேலே ஒன்றைச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை எல்லாம் தயார். ஆனால் மின்னஞ்சல் நினைத்த நேரத்தில் போகாது. பின்னேரம் இரண்டரைக்குத்தான் போகும். ஏன் இரண்டரை? தபால் வான் வந்து பை எடுத்துக்கொண்டு போவது இரண்டரைக்கு. முப்பது வருசமாகச் செயலகத்தின் கடிதங்கள் இரண்டரைக்குத்தான் வெளியேறின. வயரில் போகிற கடிதமென்றதும் விசேஷ சலுகை காட்ட முடியுமோ?

அனுப்புவதிலும் ஒரு முறை இருந்தது. கந்தோரின் இரும்புப் பெட்டகத்தை ஒரு ஆள் தனியாகத் திறக்க ஏலாது. இரண்டு பேரிடம் இரண்டு சாவி. பணிப்பாளர் இதை இன்னும் கொஞ்சம் முன்னேற்றியிருந்தார். கடவுச்சொல்லுக்குப் பன்னிரண்டு எழுத்து. முதல் நாலு அவருக்கு மட்டும் தெரியும், நடு நாலு நிர்வாக அலுவலர் பிரியந்தினிக்கு, கடைசி நாலு ஜெயரூபினிக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலை பத்துக்கும் பின்னேரம் இரண்டரைக்கும் அந்த அறையில் இரண்டு பேர் மாறி மாறிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணாடிக் கதவினூடாகத் தெரியும். முதன்முதல் அதைப் பார்த்தபோது, ஆரோ செத்துப்போனார்களாக்கும் என்று இன்னாசித்தம்பி தொப்பியைக் கழற்றினான்.

அந்த வியாழக்கிழமை பணிப்பாளர் தேத்தண்ணி குடித்து முடிய இரண்டு முப்பத்தைந்து. ஐந்து நிமிசம் பிந்திவிட்டது. "பரவாயில்லை, நாளைக்குப் போகும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பிரியந்தினியைக் காணவில்லை.

"அவா வவுனியாவுக்குப் போட்டா அண்ணை" என்றாள் ஜெயரூபினி. "ஒரு கிழமைப் பயிற்சி. வாற வெள்ளிதான் வருவா."

"என்ன பயிற்சி பிள்ளை?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஈமெயிலை விரைவா அனுப்புறது எப்பிடியெண்டு."

வாற வெள்ளி பதினாறாம் நாள். றமீஸ் சொன்ன தவணை புதனோடு சரி. இன்னாசித்தம்பி மஞ்சள் கோட்டையும் மறந்து பணிப்பாளரின் அறைக்குள் ஓடினான்.

"சேர், அவாவுக்கு ஒரு கோல் எடுத்து அந்த நாலு எழுத்தையும் கேளுங்கோவன்!"

பணிப்பாளர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ரெலிபோனில கடவுச்சொல்லோ? நீர் என்ன கதை கதைக்கிறீர்? உம்முடைய ஒரு படகுக்காக இந்தச் செயலகத்தின்ர முழு இரகசியத்தையும் காத்தில விடச் சொல்லுறீரோ?"

இந்தச் செயலகத்தில் அப்படி என்ன இரகசியம் இருந்தது என்று பிறகு ஜெயரூபினியிடம் கேட்டுப் பார்த்தான். போன மாதம் வந்தது பதினொரு மின்னஞ்சல். அதில் நாலு, 'உங்களுக்கு வெளிநாட்டு லொத்தர் விழுந்திருக்கிறது' என்று. அவற்றுக்கும் கோப்புத் திறந்திருக்கிறது.

"அவாவின்ர நாலு எழுத்து என்னெண்டு இந்தக் கந்தோரில எல்லாருக்கும் தெரியும் அண்ணை" என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "மகன்ர பேர். ஆனால் தெரிஞ்சு என்ன? அடிக்கிறதுக்கு அதிகாரம் வேணுமே."

வீட்டுக்குப் போனால் மனைவி புனிதமலர் விட்டாளா? "நல்லாய் நிண்டிட்டு வாங்கோ! உந்தக் கந்தோருக்குக் காவல்காரனாய்ச் சேர்ந்திருந்தாலும் இண்டைக்குச் சம்பளமாவது வந்திருக்கும். நாலு எழுத்துக்காக நாலு சீவன் பட்டினி கிடக்கிறதோ? புருசன் படகைத் தேடிப் போறான் எண்டு பாத்தால், படகு புருசனைத் தேடி வந்திடும்போல கிடக்கு!" அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் தட்டிக்கழிக்க முடியவில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவினான்.

திங்களும் போனது. செவ்வாய்க்கிழமை, பதின்மூன்றாம் நாள், அவன் பழக்கதோசத்தில் கந்தோர் விறாந்தையில் நின்றான். போவதற்கு வேறு இடமில்லை. அங்கே கண்ணாடி போட்ட அறிவித்தல் பலகை ஒன்று உண்டு. 'இணையச் செய்திகள்: பொதுமக்கள் பார்வைக்கு' என்று தலைப்பு. பியோன் சங்கிலி அதைத் திறந்து புதுத்தாள் ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தார்.

சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயசு. தகப்பன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து ஒட்டுசுட்டான் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். மின்னஞ்சல் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு சிவப்புப் பெட்டி கொடுத்திருந்தார்கள். கொம்பியூட்டர் அறையில் பிரின்ட் எடுத்த தாள்களை அதில் வைத்துப் பூட்டி, பணிப்பாளர் அறைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. பன்னிரண்டு அடி தூரம். பெட்டியைச் சுமப்பவர் உள்ளே இருப்பதைப் படிக்கக் கூடாது என்று எழுத்தில் கட்டளை. செய்திகளை முதலில் பணிப்பாளர் படிப்பார், முக்கியமானவற்றின் கீழே கோடு போடுவார். பிறகு நிர்வாக அலுவலர், பிறகு எழுதுவினைஞர்கள், இப்படிப் பதவி பதவியாக இறங்கி, பதினாலாம் நாள் பொதுமக்களிடம் வரும். "செய்தி கொஞ்சம் ஆறினால்தான் சனத்துக்குப் பதற்றம் வராது" என்பது பணிப்பாளரின் கருத்து.

இன்னாசித்தம்பி அந்தத் தாளைப் படித்தான். முல்லைத்தீவுக் கடற்கரையோரம் நாளை அதிகாலை கடும் காற்று வீசும், படகுகளை நங்கூரத்தில் விடாமல் கரைக்கு மேல் இழுத்து வைக்கவும் என்றிருந்தது. கீழே பணிப்பாளர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். திகதியைப் பார்த்தான். அவனுடைய படகு போனதற்கு முதல்நாள்.

ரேடியோ அன்றைக்கு வடக்கு கிழக்கில் மழை என்று வழமையான பாட்டைப் பாடியது. அதை நம்பி, விடியத் தொழிலுக்குப் போகலாம் என்று படகை நங்கூரத்தில் விட்டவன் அவன். இழுத்து வைக்க ஆறு பேரும் அரைமணி நேரமும் போதும். ஆறு பேரும் அன்றைக்குக் கரையில்தான் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை" என்றான். "இது எப்ப வந்தது?"

சங்கிலி தாளைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கையிலிருந்த குண்டூசிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு, தம்பி. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். படிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. நானும் படிக்கல." பலகையின் கண்ணாடியை மெல்லச் சாத்தினார். "பன்னண்டு அடி. பொட்டி என் நெஞ்சுலதான் இருந்திச்சு."

கோபம் வந்தது. சங்கிலி மேல் அல்ல. ஆறு கொம்பியூட்டர், பூப்போட்ட துணி, பிளாஸ்ரிக் ரோசா, எல்லாவற்றையும் கடலில் தூக்கி எறிய வேண்டும்போல வந்தது. எறிந்தால் அதுவும் பதினாலு நாள் கழித்துத்தான் இவர்களுக்குத் தெரியவரும் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே நேரே மச்சான் மெல்ரொனிடம் போனான்.

"மெல்ரொன், நாளைக்கு உன்ர படகை எடு. புல்மோட்டைக்குப் போறம்."

"ஈமெயில் வந்திட்டுதோ?"

"நான்தானடா ஈமெயில்."

அடுத்த நாள் கடல் நல்ல பிள்ளையாகக் கிடந்தது. மெல்ரொனின் படகில், தன் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் நின்ற படகைக் கண்டதும் இன்னாசித்தம்பி தண்ணீரில் குதித்து ஓடினான். சண்டையில் பிரிந்த ஆளைக் கண்டால் ஓடுகிற அந்த ஓட்டம். றமீஸ் வெளியே வந்து கையைப் பிசைந்தார். பக்கத்துக் கொமினிகேசன் கடையில் நாளுக்கு இரண்டு தரம் போய்ப் பார்ப்பதாகவும், ஒரு ஈமெயிலும் வரவில்லை என்றும் சொன்னார்.

"படகு உங்கடதெண்டு என்ர மனசுக்குத் தெரியும். ஆனா எதையாவது வைச்சு நான் கமிற்றிக்குச் சொல்லோணுமே."

"முன்பக்கம், அணியத்துக்குள்ள, பலகைக்குக் கீழ கையை விட்டுப் பாருங்கோ. ஒட்டுப் போட்ட இடம் ஒண்டிருக்கும். பசை காயுறதுக்கு முதல் என்ர மகள் நிரோசினி கையை வைச்சிட்டாள். அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. சின்ன விரல் கொஞ்சம் வளைவு."

றமீஸ் படகுக்குள் குனிந்து கையை விட்டுத் தடவினார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். நிமிர்ந்தபோது, "பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொண்டு."

"கொண்டு போங்க."

முழுதும் சேர்த்து ஐந்து நிமிசம். பொழுதுபடுவதற்குள் படகு முள்ளிவாய்க்காலில். புனிதமலர் படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், அணியத்தைத் தொட்டுச் சிலுவை போட்டாள். பிறகு கணவனைப் பார்த்து, "இதைப் பதினாலு நாளுக்கு முதலே செய்திருக்கலாம்" என்றாள். பாராட்டு என்றால் அவளிடமிருந்து அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பிரியந்தினி பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வந்தாள். இரண்டரைக்கு மூன்று பேரும் முறைப்படி மாறி மாறிச் சுவரைப் பார்த்தார்கள். மின்னஞ்சல் போனது. போனதை உறுதிப்படுத்தி ஒரு பதிவுத் தபாலும் போனது.

திங்கட்கிழமை காலையில் செயலகத்து வாகனம் கரைக்கு வந்தது. பணிப்பாளர் இறங்கினார். பின்னால் கமெராவும் கோப்புமாக ஜெயரூபினி, சிவப்புப் பெட்டியோடு சங்கிலி. மின்னஞ்சலால் மீட்கப்பட்ட முதலாவது படகைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். புல்மோட்டைக்குப் போவதற்கு முதல் உரிமையாளரையும் ஏற்றிக்கொள்ள வந்தார்களாம்.

"நீர் எங்கட வாகனத்திலயே வரலாம்" என்றார் பணிப்பாளர் பெரிய மனதோடு.

"எதுக்கு சேர்? படகு இஞ்சதானே நிக்குது. புதன்கிழமை நானே போய்க் கொண்டு வந்திட்டன்."

பணிப்பாளர் படகைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல இருண்டது.

"அது எப்பிடி? எங்கட மின்னஞ்சல் போனது வெள்ளிக்கிழமை. அதுக்கு முதல் படகு விடுபட ஏலாது. கோப்பின்படி உம்முடைய படகு இப்ப புல்மோட்டையில நிக்குது. நான் ஒப்பம் வைச்சிருக்கிறன். அப்ப இது ஆற்ற படகு?"

"என்ர படகு சேர்! உள்ளுக்கு என்ர பிள்ளையின்ர கை பதிஞ்சிருக்கு."

"கை ஆவணமில்லை. ஜெயரூபினி, எழுதும். உரிமையாளர் அடையாளம் காணப்படாத படகு ஒன்று. செயலகத்தின் பொறுப்பில் எடுக்கப்படுகிறது. உரியவர் பதினாலு நாளுக்குள் மின்னஞ்சல் மூலம் விண்ணப்பிக்கலாம்."

சுற்றி நின்ற சனம் வாயைப் பிளந்தது. புனிதமலர் கருவாட்டுக் கூடையை நிலத்தில் வைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள். அவள் கூடையைக் கீழே வைத்தால் அது நல்லதுக்கில்லை என்று கரை முழுக்கத் தெரியும். இன்னாசித்தம்பி அவளைக் கையால் மறித்தான். இரண்டு கிழமையாக அந்த மஞ்சள் கோட்டுக்கு இங்கால் நின்றவனுக்கு அவர்களுடைய பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"சேர், ஒரு சந்தேகம். கோப்பில என்ர படகின்ர இலக்கம் எழுதியிருக்குத்தானே?"

ஜெயரூபினி வாசித்தாள். சரியாக இருந்தது.

"இந்தப் படகின்ர பக்கத்தில எழுதியிருக்கிற இலக்கத்தையும் வாசியுங்கோ பிள்ளை."

வாசித்தாள். அதே இலக்கம்.

"இந்த இலக்கப் படகு புல்மோட்டையில நிக்குதெண்டு சேர் ஒப்பம் வைச்சிருக்கிறியள். அதே இலக்கப் படகை முள்ளிவாய்க்காலில பிடிச்சனெண்டும் ஒப்பம் வைச்சால், மேலிடத்தில இரண்டு தாளையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாப்பினம். எந்த ஒப்பம் பொய்யெண்டு கேட்டால் சேர் என்ன சொல்லுவியள்?"

பணிப்பாளர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். கடல் இரண்டு மூன்று தரம் வந்து போனது. கடைசியில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"ஜெயரூபினி, அந்த அறிவித்தலைக் கிழியும். இஞ்ச படகொண்டும் நிக்கேல்லை."

"ஓம் சேர்" என்றாள் அவள், படகில் சாய்ந்துகொண்டு.

வாகனம் புறப்பட்டபோது சங்கிலி மட்டும் ஒரு நிமிசம் பிந்தினார். இன்னாசித்தம்பியின் ரெலிபோன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வாங்கி, அதைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை பத்தேகாலுக்கு இன்னாசித்தம்பிக்குக் கோல் வந்தது. குரல் ரகசியமாக இருந்தது. காலடிச் சத்தமும் கேட்டது.

"தம்பி, நாளைக்கு விடிய காத்து. பெரிய காத்து. மேல இழுத்து வைங்க. பொட்டி ரூமுக்குக் கிட்ட வந்திருச்சு, வைக்கிறேன்."

அன்று பின்னேரம் கரையில் நின்ற முப்பத்திரண்டு படகையும் சனம் சேர்ந்து மேட்டுக்கு இழுத்தது. விடியக் காற்று வந்து பார்த்தது, நாலு தென்னையை முறித்தது, வெறுங்கையோடு திரும்பிப் போனது.

தை மாதம் செயலகத்தில் ஒரு விழா வைத்தார்கள். பணிப்பாளர் மாலை போட்டுக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். "எமது மின்னஞ்சல், செய்திச் சேவையின் பயனாக, கடந்த காற்றில் இந்தக் கரையில் ஒரு படகுகூடக் காணாமல் போகவில்லை!"

ஜெயரூபினி பின்னால் வந்து காதுக்குள் எதையோ சொன்னாள். ஒலிவாங்கி அதையும் எடுத்துக்கொண்டது. "சேர், கோப்பின்படி ஒண்டு இன்னும் புல்மோட்டையில."

"அதைத் தவிர" என்றார் பணிப்பாளர்.

சனம் கை தட்டியது. விடிய அந்தப் படகில் பிடித்த பாரைமீனின் செதில் இன்னும் ஒட்டியிருந்த கையால் இன்னாசித்தம்பியும் தட்டினான். கண்ணாடிப் பலகையில் மார்கழிக் காற்றின் எச்சரிக்கை அன்றைக்குத்தான் புதிதாகக் குத்தியிருந்தது. அதற்குக் கீழே நின்ற சங்கிலி மட்டும் கை தட்டவில்லை. அவருடைய இரண்டு கையிலும் சிவப்புப் பெட்டி இருந்தது. மூடி கொஞ்சம் திறந்திருந்தது.